பெட்டி வந்த பிறகு

வீட்டில் எது தாமதமானாலும் அமலராணி ஒன்றைத்தான் சொல்வாள். காஸ் சிலிண்டர் வரவில்லையா, "உங்க பெட்டியோட சேந்து வரும்." ஒன்றாம் நம்பர் பஸ் வரவில்லையா, "அது உங்க பெட்டியைத்தான் ஏத்திக்கிட்டு வருது." முப்பத்தைந்து வருஷம் ரெங்கராஜ் இதைக் கேட்டுச் சிரித்தார். அவள் போய் எட்டு மாதம் கழித்து ஒருநாள் சிலிண்டர்காரர் மூன்று நாள் தாமதமாக வந்து மணியடித்தார். ரெங்கராஜ் கதவைத் திறந்துவிட்டு, தன்னை அறியாமல் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுநாள் காலையில் பரணிலிருந்து, பெட்டிக்கென்று எப்போதோ வாங்கிப் போட்டிருந்த அலுமினியத் தகட்டை இறக்கினார்.

பெட்டி என்றால், கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வைக்கும் ஒரு மரப்பெட்டி. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல் மூன்று கண்ணாடி வால்வுகள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு முழ நீளத்துக்கு ஒரு தகரத் தட்டு. தட்டில் இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகள் இழுத்துக் கட்டியிருக்கும். கிதாரின் சத்தத்தை வால்வு பெரிதாக்கி ஸ்பிரிங்கின் ஒரு முனையை உதறும். அந்த உதறல் சுருள் சுருளாக ஓடி மறுமுனைக்குப் போகும், மோதித் திரும்பும், மறுபடி போகும். மறுமுனையில் ஒரு சின்னக் காயில், அதாவது கம்பிச்சுருள், அதையெல்லாம் பிடித்து, அசல் சத்தத்தோடு கலந்து அனுப்பும். கேட்பவருக்குக் கிதார் ஒரு பெரிய கூடத்தில் வாசிக்கப்படுவதுபோல் இருக்கும். இன்றைக்கு இதைச் செய்யத் தீப்பெட்டி அளவில் கருவி கிடைக்கிறது. அமலராணியிடம் அவர் சொல்லியிருந்தது வால்வும் ஸ்பிரிங்கும் வைத்த பெட்டி. அதனால் அதைத்தான் கட்ட வேண்டும்.

சொன்னது எண்பத்தெட்டில், கல்யாணமான புதிதில். அவளை முதலில் பார்த்தது அதற்கு மூன்று வருஷம் முன்னால். துவாக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றுகிற வேலை அவருக்கு. சாயங்காலங்களில் பெரிய கடை வீதிக்குப் பக்கத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்ப்பார். பாலக்கரைப் பக்கத்து மாதா கோயிலின் ஆம்ப்ளிஃபயரை ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள் அமலராணி. கோயில் பாடகர் குழுவில் எலக்ட்ரிக் கிதார் வாசிக்கிற பெண். "ஞாயித்துக்கெழம பூசைக்கு வேணும். நீங்க சரி பண்ணலேன்னா சாமியார் என்னையத்தான் திட்டுவாரு" என்றாள். சரிசெய்தார். அது அடிக்கடி கெட்டுப்போனது. நான்காவது முறை திறந்து பார்த்தபோது, உள்ளே ஒரு ஒயர் வெட்டப்பட்டிருந்தது, கத்தரிக்கோலால், நேர்த்தியாக. அவர் அதை ஒட்டிக் கொடுத்தார்.

பதிவுத் திருமணம். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் ஒரு வாடகை போர்ஷன். இரண்டு அறை, தாழ்ந்த கூரை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாடகர் குழுவுக்குப் போகவில்லை. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, அவளே நின்றுவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிதாரை எடுத்து வாசிக்க உட்கார்ந்தவள் நாலு வரியில் நிறுத்தினாள்.

"என்னங்க, சத்தம் சுவத்துல பட்டு அங்கயே செத்து விழுது."

"சின்ன ரூமு. அப்படித்தான் இருக்கும்."

"கோயில்ல நான் ஒரு தட்டு தட்டினா போதும். மிச்சத்தை அது பாத்துக்கும். இங்க எல்லாத்தையும் நானே பண்ண வேண்டியிருக்கு."

அவள் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவருக்குச் சுருக்கென்றது. அவள் விட்டுவிட்டு வந்தவற்றில் எதையும் அவரால் திருப்பித் தர முடியாது. இது ஒன்றைத் தரலாம். "அந்தச் சத்தத்தை நான் வீட்டுக்குக் கொண்டாந்து தரேன். ஒரு பெட்டிக்குள்ள வச்சு" என்றார்.

முதல் முயற்சிக்குச் சைக்கிள் சீட்டு ஸ்பிரிங். தவளை கத்துகிறது என்றாள். அடுத்தது பேனா ஸ்பிரிங்குகளைக் கோத்துக் கட்டியது. "இது தவளைக்குட்டி." சரியான ஸ்பிரிங் தட்டு இந்தியாவில் கிடைக்காது என்று யாரோ சொன்னார்கள். கம்பெனியில் மூன்று ஷிப்ட் வந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சொந்த வீடு கட்டினார்கள். பிள்ளை இல்லை என்று தெரிந்து, அந்த வருத்தத்தில் சில வருஷம் போனது. பெட்டி பேச்சில் மட்டும் இருந்தது.

தொண்ணூற்று நாலில் ஒரு மழைநாள், அவள் ஒரு கேசட்டில் வாசித்துப் பதிவு செய்தாள். இரண்டு பக்கமும். முடித்ததும் அவர் போட்டுக் கேட்கப் போனார். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்ப வேண்டாம். மொட்டையா இருக்கும். உங்க பெட்டி வழியா விட்டுத்தான் நான் கேப்பேன். நீங்களும் கேக்கக் கூடாது."

மேலே பால்பாயிண்ட் பேனாவால் எழுதினாள்: 'பெட்டி வந்த பிறகு'. அப்படியே பீரோவுக்குள் போனது. கடைசி ஐந்து வருஷம் அவள் விரல் மூட்டுகள் வீங்கிக் கிதாரைத் தொட முடியாமல் போனபோதும் அந்தக் கேசட்டை இருவரும் கேட்கவில்லை. அவர் கேட்கலாமா என்றார், ஒருமுறை. அவள், "பெட்டி வந்துருச்சா?" என்றாள்.

இப்போது அந்தக் கேசட் மட்டும்தான் அவளுடைய வாசிப்பு. வேறெங்கும் இல்லை.

ஸ்பிரிங் தட்டைக் கம்ப்யூட்டரில் தேடி வரவழைப்பது பத்து நிமிஷ வேலையாக இருந்தது. அதை நினைத்து ஒருநாள் முழுக்க அவர் பெட்டி வேலையைத் தொடவில்லை. வால்வுகளும் வந்தன. டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் தானே சுற்றினார். கம்பெனியில் கவுண்டர் வைத்த மிஷின் உண்டு. இங்கே கையால் திருகி, ஒவ்வொரு நூறு சுற்றுக்கும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். சமையலறைச் சுவர் கோடுகளால் நிறைந்தது. யாரும் கேட்கவில்லை.

கேட்க ஒருத்தி வந்தாள். அமலராணியின் தங்கை வியாகுலம்மாள், ரிட்டயர்டு நர்ஸ். பாலக்கரையிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை வந்து பிரிட்ஜைத் திறந்து பார்ப்பாள், மாத்திரைகளை எண்ணுவாள்.

"என்ன அத்தான், சுவத்துல எதைக் குறிச்சு வச்சிருக்கீங்க? நான் எத்தனை தடவ வந்தேன்னா?"

"காயில் சுத்தினேன்."

"பெட்டியா?" அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு சொல்லணும். தேசிக் வீட்டுக்குக் குடிவரச் சொல்லிட்டான். கோயம்புத்தூர். கல்லறைத் திருநாள் முடிஞ்சு மறுநாளு கெளம்புறேன்." தேசிக் அவளுடைய மருமகன், மகள் கமலினியைக் கட்டியவன். ஸ்ரீரங்கத்துப் பையன்தான். பெரியம்மா வழியில் மகளும் போனாள் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

"எப்ப திரும்பி வருவே?"

"திரும்பி என்னத்துக்கு வரேன், வீட்டையே காலி பண்றேன். அத்தான், அந்தக் கேசட்டை இப்பவே போடுங்க. ஒரே ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன்."

"பெட்டி முடியட்டும்."

"முப்பது வருஷத்து டேப்பு. உள்ள பூஞ்சை புடிச்சிருக்கும். நீங்க முடிக்கிறதுக்குள்ள நான் போயிருவேன், இல்ல அது போயிரும்."

"அவ சொல்லியிருக்கா, வியாகுலம்."

"அக்கா சொன்னதையெல்லாம் நீங்க கேட்டிருந்தா பெட்டி தொண்ணூறுலயே வந்திருக்கும்."

அவளே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "கல்லறைத் திருநாளன்னிக்கு மத்தியானம் வருவேன். பெட்டி இருக்கோ இல்லையோ, கேப்பேன்."

கல்லறைத் திருநாளுக்கு, நவம்பர் இரண்டுக்கு, நாற்பது நாள் இருந்தது. வயரிங் முழுவதையும் இருபது நாளில் முடித்தார். மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு மூன்று வால்வுகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். வால்வு ஒளிர ஒரு நிமிஷம் ஆகும். ஐந்து நிமிஷம் நின்றார். ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

இரண்டு நாள் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுத் தேடினார். படத்தோடு ஒப்பிட்டால் எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை வழக்கம்போல் பெருமாள் கோயிலின் உத்தர வீதியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது, எதிர்த்திசையில் ஒரு வெளியூர்க் குடும்பம் வந்தது. இடப்புறமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு பூக்காரம்மா, "இந்தப் பக்கம் சுத்துங்க சாமி, வலமா" என்று அவர்களைத் திருப்பிவிட்டாள். ரெங்கராஜ் நடு வீதியில் நின்றுவிட்டார்.

வால்வு சாக்கெட்டில் ஒன்பது கால்கள் வட்டமாக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் இடைவெளி. அங்கிருந்து வலப்புறமாக ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். ஆனால் அடிப்பக்கத்திலிருந்து பார்த்து எண்ண வேண்டும். அவர் தகட்டை மேசையில் நேராக வைத்து, மேலிருந்து பார்த்து, சாக்கெட்டின் ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் வலமாக எண் எழுதிக்கொண்டார். பிறகு தகட்டைக் கவிழ்த்துப் போட்டு அந்த எண்களின்படியே ஒயர்களை ஈயத்தால் பற்ற வைத்தார். கவிழ்த்தால் வலம் இடமாகிவிடும். இருபத்தைந்து வயதில் இந்தத் தப்பைத் தூக்கத்தில்கூடச் செய்திருக்க மாட்டார். அறுபது வருஷம் வலமாகவே சுற்றிய கால், எண்ணும்போதும் அப்படியே சுற்றிவிட்டது.

போனில் சொன்னபோது வியாகுலம்மாள் நன்றாகச் சிரித்தாள். "பெருமாள் கோயில் புத்தி எங்க போகும். எங்க மாதாவோட பெட்டியில கொண்டுபோய் பிரதட்சணம் பண்ணியிருக்கீங்க."

"இருபத்தேழு காலு. எல்லாத்தையும் பிரிக்கணும்."

"பிரிங்க. நாள் இருக்கு."

பிரித்தார். மறுபடி பற்ற வைத்தார். அக்டோபர் கடைசி வாரத்தில் மூன்று வால்வுகளும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தன. ஸ்பிரிங் தட்டைப் பொருத்தினால் ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல், வண்டு அடைபட்ட மாதிரி. தட்டின் சத்தம் பிடிக்கும் முனை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருந்தது. தட்டைத் தலைமாற்றி வைத்ததும் இரைச்சல் அடங்கியது. மேசையில் டம்ளரை வைத்தால்கூட ஸ்பிரிங் அதிர்ந்து ஸ்பீக்கரில் இடி இடித்தது. அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை, அந்தப் பெட்டியின் குணம் அது.

கிதாரை உறையிலிருந்து எடுத்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வெறும் கம்பியைத் தட்டிவிட்டுக் கேட்பார். முன்பக்கம் மூன்று திருகுகள். ஸ்பிரிங்கை எவ்வளவு உதற வேண்டும், எவ்வளவு கலக்க வேண்டும், கலப்பது கணீரென்றா மந்தமாகவா. நாலு நாள் திருகித் திருகிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலங்களில் பாடகர் குழுவின் பயிற்சி முடியக் காத்திருந்த அந்த வருஷங்களை நினைத்துக்கொள்வார். கடைசியில் ஒரு சாயங்காலம் கம்பியைத் தட்டினால், அதுவே வந்தது. அச்சாக அதுவே. அந்தக் கோயில். அவருக்கு வேப்பம்பூ வாசனைகூட வந்தது. பென்சிலால் மூன்று திருகுகளுக்கும் குறி போட்டுவிட்டு, ரொம்ப நேரம் கிதாரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

கல்லறைத் திருநாள் அன்று காலையில் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அமலராணியின் மேடையைக் கழுவி, செவ்வந்திப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினார்கள். மத்தியானம் வியாகுலம்மாள் ஸ்ரீரங்கம் வந்தாள். கைப்பையை மேசையில் பொத்தென்று வைத்தாள். ஸ்பீக்கரில் இடி விழுந்தது. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குத்தான் முப்பத்தஞ்சு வருஷமா?" என்றாள்.

டேப்ரெக்கார்டருக்குப் புது பெல்ட் போட்டு, பெட்டியோடு இணைத்திருந்தார். வேறொரு கேசட்டைப் போட்டுச் சோதித்தும் வைத்திருந்தார். அமலராணியின் கேசட்டை எடுத்து, ஒரு பென்சிலை நுழைத்து நாலு சுற்று சுற்றி இறுக்கி, உள்ளே வைத்தார். பட்டனை அழுத்தினார்.

முதலில் வெறும் 'ஸ்ஸ்'. ஸ்டூல் நகரும் சத்தம், பெரிய மண்டபத்தில் நகர்வதுபோல. பிறகு கிதார். ஒரு மாதா பாட்டு, மெதுவாக. சத்தம் அறையை நிரப்பி, சுவர்களைத் தள்ளிக்கொண்டு போனது. டேப் கெடவில்லை. பெட்டி பிசகவில்லை. ரெங்கராஜ் வியாகுலம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டு முடியும் வரை அவள் அசையவில்லை. முடிந்ததும் கேட்டாள்:

"அத்தான், இது என்ன சத்தம்?"

"கோயில் சத்தம்."

"எந்தக் கோயிலு?"

"உங்க கோயில்தான். பாலக்கரை."

அவள் சங்கடத்தோடு சேலைத் தலைப்பை நீவிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அந்தச் சத்தம் இல்ல அத்தான். நான் அக்கா பக்கத்துல நின்னு பாடினவ. உள்ள இப்படி இருக்காது."

அவர் டேப்பை நிறுத்தினார். "எப்படி இருக்கும்?"

"முதல்ல கம்பி கேக்கும். தெளிவா, காதுக்குப் பக்கத்துல. அது முடிஞ்சப்புறம்தான் மேலேர்ந்து ஒண்ணு இறங்கும், மெதுவா. இதுல அக்காவே இல்லியே. வெறும் கூரைதான் இருக்கு. கிணத்துக்கு வெளிய நின்னு கேக்குற மாதிரி இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க எங்க உக்காந்து கேட்டீங்க?" என்றாள்.

ரெங்கராஜ் திருகுகளைப் பார்த்தார். பென்சில் குறி மூன்றும் கச்சிதமாக இருந்தன.

"வெளில. வேப்பமரத்துக்கிட்ட, சைக்கிள் நிறுத்துற எடத்துல."

"ஒரு நாளும் உள்ள வரலியா?"

"இல்ல."

"ஏன்?"

"செருப்பு" என்றார். அவள் விளங்காமல் பார்த்தாள். "சில பேரு கழட்டிப் போட்டுட்டுப் போவாங்க. சில பேரு போட்டுக்கிட்டே போவாங்க. எனக்குச் செருப்போட கோயிலுக்குள்ள நுழைய கால் வராது. கழட்டிட்டுப் போனா, இவன் யாரு புதுசான்னு பாப்பாங்களோன்னு இருந்துச்சு. அடுத்த வாரம் போலாம், அடுத்த வாரம் போலாம்னு… அப்புறம் அவ வாசிக்கிறதையே விட்டுட்டா."

வியாகுலம்மாள் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"கடைசி பெஞ்சுல உக்காந்து கேட்டேன்னு அவ நெனச்சுக்கிட்டிருந்தா. வெளில வந்ததும் எப்படி இருந்துச்சும்பா. நல்லா இருந்துச்சும்பேன். நான் பொய் சொல்லல. நல்லாத்தான் இருந்துச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ கேட்ட சத்தம் என்னன்னே தெரியாம அதைக் கட்டித் தரேன்னு சொல்லியிருக்கேன், வியாகுலம்."

அமலராணியின் அடக்கப் பூசையன்று அவர் உள்ளே போயிருந்தார், முதல் தடவையாக. அன்றைக்கு அவர் காதில் எதுவும் விழவில்லை.

தெருவில் ஒரு ஆட்டோ போனது. ஸ்பிரிங் லேசாக அதிர்ந்து ஓய்ந்தது. வியாகுலம்மாள் எழுந்து வந்து, ஊசி போடப் போகிறவள் மாதிரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள்.

"உனக்கு இதெல்லாம்…"

"எது எதுன்னு மட்டும் சொல்லுங்க. எனக்குக் காது இருக்கு."

சொன்னார். அவர் டேப்பை முதலிலிருந்து ஓட விட்டார். அவள் நடுத்திருகைப் பிடித்து மெதுவாகக் குறைத்தாள், பென்சில் குறியைத் தாண்டி, இன்னும் கீழே. மண்டபம் பின்வாங்கியது. மூன்றாவது திருகை மந்தத்துக்குத் திருப்பினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள், வேண்டாம் என்று கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். பாட்டின் இரண்டாவது அடி முடிவதற்குள் கையை எடுத்துவிட்டாள்.

இப்போது கம்பி கேட்டது. விரல் ஒரு கட்டையிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் கீச்சொலி. கட்டைவிரல் நகம் கம்பியில் படுவது. ஓரிடத்தில் ஒரு ஸ்வரம் தப்பி, "ச்சு" என்று அமலராணி தன்மேலேயே சலித்துக்கொண்டது, அரை மூச்சில். சற்றுமுன் இதே பாட்டை முழுவதும் கேட்டபோது இது ஒன்றுமே காதில் விழவில்லை, அத்தனையும் முழங்கிக் கலைந்து போயிருந்தது. ஒவ்வொரு அடி முடிந்த பிறகும் பின்னாலிருந்து மெல்லிய ஒரு திரை இறங்கி, அடுத்த அடி தொடங்குமுன் நகர்ந்துகொண்டது. அவருக்கு இது பழக்கமில்லாத சத்தம். எந்தச் சனிக்கிழமையும் நினைவுக்கு வரவில்லை. அவள் மட்டும் அருகில் உட்கார்ந்து வாசித்தாள்.

"இதுதானா?" என்றார்.

"முழுசா இல்ல. ஸ்பிரிங்கு ஸ்பிரிங்குதான்" என்றாள் வியாகுலம்மாள். "ஆனா அக்கா நின்ன எடம் இதுதான்."

முதல் பக்கம் இருபத்தெட்டு நிமிஷம் ஓடி நின்றது. வியாகுலம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு கைப்பையைத் தேடினாள். சாமான் கட்டும் வேலை பாதி கிடக்கிறது, நாளை காலையில் வேன் வந்துவிடும் என்றாள்.

"இன்னொரு பக்கம் இருக்கு" என்றார் ரெங்கராஜ்.

அவள் ஜன்னல் வழியே வெளியில் பார்த்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்தாள்.

அவர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். திருகுகளைத் தொடவில்லை. நாற்காலியை ஸ்பீக்கருக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டனை அழுத்தினார். அமலராணி தொண்டையைச் செருமினாள், ஸ்டூலைச் சரியாக இழுத்துக்கொண்டாள், வாசிக்கத் தொடங்கினாள்.